ஐந்து விரலும் இருந்த கை

போன மாதம் ரேவதி போன் செய்தாள். ஏற்காட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது நர்ஸாக இருப்பவள். நல்ல பெண், கொஞ்சம் வாய் அதிகம், அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

"சிஸ்டர், பழைய ரெஜிஸ்டரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. வெளிநாடு போறவங்க ரெஜிஸ்டர்ல ஒரே ஒரு பக்கத்துல மட்டும் சிவப்பு மையில என்னமோ எழுதியிருக்குதுங்க. உங்க கையெழுத்து. அதை ஏத்தறதா, விடறதா?"

"முதல்ல அதை ஏத்து கண்ணு," என்றேன்.

"படிச்சா ஒரு மாதிரியா இருக்குதுங்க சிஸ்டர். அப்படி என்னதான் நடந்துச்சு?"

போனில் சொல்கிற கதை இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதத் தொடங்கியதும், அவள் ஒருத்திக்கு மட்டும் எழுதுவானேன் என்று தோன்றியது. இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் படிக்கட்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேலத்தில் மூன்று வருடம் படித்தேன், ஹாஸ்டல் சோறு தின்றேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருடத்தில் நாய்க்கடி முற்றிய ஒரு நெசவாளியைத் தனி அறையில் பார்த்தேன். மின்விசிறியைப் போட்டால் காற்றுப் பட்டு அவர் தொண்டை இறுகும். தண்ணீர் டம்ளரைக் கண்டால் உடம்பே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நினைவு முழுக்கத் தெளிவாக இருந்தது. "தாகமா இருக்கும்மா" என்று என்னிடம் கெஞ்சினார், நான் டம்ளரை நீட்டினேன், அவரால் முடியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ சாவுகளைப் பார்த்துவிட்டேன், அந்த அளவுக்கு எதற்கும் நான் பயந்ததில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு என்று சுற்றிவிட்டுக் கடைசிப் பதினொரு வருடம் ஏரிச் சாலைப் பக்கம் ஒரு மாடியில் இருந்த கிளினிக்குக்கு வந்தேன். அங்கே இருந்த டாக்டரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். வெளிநாட்டில் பல வருடம் கம்பெனி முகாம்களில் வைத்தியம் பார்த்துவிட்டு மலைக்கு வந்தவர். காய்ச்சல், சளி பார்ப்பதோடு, வெளிநாட்டு வேலைக்குப் போகிற மலைக்காரப் பையன்களுக்கு உடல் தகுதிச் சான்றும் தடுப்பூசியும் பயண ஆலோசனையும் அவர்தான்.

அந்த ஆலோசனையை அவர் நடத்துகிற அழகே தனி. ஆளை உட்கார வைப்பார். பாஸ்போர்ட்டை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே பிடித்துப் படிப்பார். முடிகிற தேதிக்கு ஆறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பார். முத்திரை குத்தக் காலிப் பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டுவார். விசா, வேலை ஒப்பந்தக் கடிதம், வழியில் எந்த ஊரில் விமானம் மாறுவது என்று கேட்பார். ஏனென்றால் மஞ்சள் காய்ச்சல் இருக்கிற நாட்டு வழியாகப் போனால் அதற்கான சான்றிதழ் கேட்பார்கள், நேராகப் போனால் கேட்க மாட்டார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் உடம்புப் பேச்சு. குழாய்த் தண்ணீர் குடிக்காதே, வெயிலில் தலையை மூடு, காலணிக்குள் தேள் இருக்கும், உதறிவிட்டுப் போடு, நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு, அன்றைக்கே ஊசிக்குப் போ. இவ்வளவையும் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

"இப்ப நீ எனக்குச் சொல்லு சாமி."

வந்தவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. எம்.ஏ. படித்தவர்கள்கூட அந்த நாற்காலியில் திணறி நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பாக இருக்கும், அவர் சிரிக்கவே மாட்டார்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஊசி போட்ட விவரம் ஆள் கையில் கொடுக்கும் அட்டையில் இருக்கும். எங்கள் ரெஜிஸ்டரில் அதோடு ஓர் அடையாளமும் எழுத வேண்டும். மச்சமோ தழும்போ ஏதாவது ஒன்று. "அட்டை ஊர் சுத்தும் சிஸ்டர், ரெஜிஸ்டர் இங்கயேதான் கிடக்கும்" என்பார். பத்து வருடத்தில் யாரும் அந்த அடையாளத்தைக் கேட்டு வந்ததில்லை. வீண் வேலை என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் எழுதுவேன்.

கொரோனா தணிந்து நாடுகள் ஒவ்வொன்றாகத் திறந்த சமயத்தில் செம்மநத்தத்திலிருந்து கோவிந்தன் வந்தான். முப்பது வயது இருக்கும். காபி, மிளகு, கொஞ்சம் ராகி என்று சொந்தக் காட்டில் உழைக்கிற குடும்பம். அல்ஜீரியாவின் தெற்கே பாலைவனத்தில் ரோடு போடும் ஒரு கம்பெனி முகாமில் அவனுக்குச் சமையல் வேலை. முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆறு மணி நேரப் பயணம் என்பதால், நாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுகிற மூன்று ஊசியையும் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. மூன்றையும் நான்தான் போட்டேன். காபிப் பழத் தோலை உரிக்கிற பல்ப்பர் மிஷினில் சிக்கி அவனுடைய இடது மோதிர விரலின் நுனிக் கணு போயிருந்தது. அடையாளம் எழுத எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

பெரிய டாக்டர் கேட்டதை அவன் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னான். அவ்வளவு நன்றாகச் சொன்னவன் வேறு யாருமில்லை. நாய் என்று சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போயிற்று. "ஏனுங்க டாக்டர், அங்க நாய் நொம்ப இருக்குமுங்களா?" என்று கேட்டான். "இங்க இருக்கற மாதிரிதான் சாமி" என்றார் அவர். அவன் தலையை ஆட்டிவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும். மஞ்சக்குட்டையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து காலையில் பஸ்ஸுக்கு வந்தேன். எதிரே இருப்பவர் தெரியாத பனி. ரோட்டோரம் ஓர் ஆள் தலையில் மூட்டையோடு போனான். முகத்தில் மாஸ்க், மேலே மஃப்ளர். மூட்டையைப் பிடித்திருந்த இடது கை மட்டும் என் கண்ணுக்குப் பக்கத்தில் கடந்து போயிற்று. அதில் ஒரு விரல் குட்டை.

"கோவிந்தா!" என்றேன், யோசிக்காமலே.

அந்த ஆள் நின்றான். திரும்பவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு ரோட்டை விட்டு இறங்கிக் காபிச் செடிகளுக்குள் போய்விட்டான். செடி அசைந்த சத்தமும் சட்டென்று நின்றுவிட்டது. பஸ் ஸ்டாப்பில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். "இப்ப போனது செம்மநத்தத்துக்காரரா?" என்று கேட்டேன். "யாருங்க போனாங்க? யாரும் போகலீங்களே," என்றார் ஒருவர். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மலையில் விரல் இழந்தவன் ஒருத்தன்தானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கோவிந்தனின் மனைவி மல்லிகா தன் நான்கு வயதுப் பெண்ணை இருமலுக்குக் கூட்டிவந்தாள். நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே, குழந்தை அழாமல் இருக்க, "அப்பா எங்க கண்ணு இருக்காரு?" என்று கேட்டேன். அல்ஜீரியா என்று மழலையில் சொல்லப் போகிறது, சிரிக்கலாம் என்று எனக்கு ஆசை.

"மூட்டை ரூமுல," என்றது குழந்தை. "அப்பனைப் பாக்கக் கூடாது. பேரு சொல்லக் கூடாது."

மல்லிகா குழந்தையின் வாயைப் பொத்தினாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, பொத்தியபடியே என்னைப் பார்த்தாள். "போட்டோ வெச்சிருக்கோமுங்க அந்த ரூமுல. அதைத்தான் சொல்லுது," என்றாள். போட்டோவை எதற்குப் பார்க்கக் கூடாது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வெளியில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதற்கும் நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அல்ஜீரியாவிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. முகாமில் நர்ஸாக இருந்த ஜோமோன், கேரளாக்காரர். சமையல்காரர் கோவிந்தனை இன்று காலை குட்டி நாய் ஒன்று கடித்துவிட்டது, நாய் மதியமே செத்துவிட்டது, அட்டையில் வியர்வை பட்டு எழுத்துக் கலைந்துவிட்டது, மூன்று ஊசியும் முன்பே போட்டதுதானா என்று கேட்டிருந்தார். கடித்த கையை போட்டோ எடுத்தும் அனுப்பியிருந்தார்.

முன்பே போட்டவர்களுக்கு இரண்டு ஊசி போதும், இன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. போடாதவர்களுக்கு அப்படியில்லை. முழு வரிசையும் போட வேண்டும், அதோடு கடித்த இடத்தைச் சுற்றிச் சீரம் என்று ஒரு மருந்தும் போட வேண்டும். ஆழமான கடிக்குச் சீரம் இல்லாமல் விடுவது, ஆளை விதியிடம் ஒப்படைப்பதுதான். அதையும் முதல் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெருவிரலின் அடிச் சதையில் நான்கு பல் தடம். நன்றாகக் கழுவியிருந்தார்கள், ஓரம் சுத்தமாக இருந்தது. ரெஜிஸ்டரைத் திறந்து, மூன்று தேதிகளையும் டைப் செய்து, "ஆமாம், மூன்றும் போட்டாயிற்று. நானே போட்டேன்" என்று பதில் அனுப்பினேன். நானே போட்டேன் என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் குறைந்தது. பெரிய டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, போட்டோவை அவர் முன் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெஜிஸ்டரைப் படிங்க சிஸ்டர்," என்றார்.

"படிச்சுத்தான் டாக்டர் பதில் போட்டேன்."

"எனக்குப் படிங்க."

பயணம் போகிறவனுக்கு இருந்த சட்டம்தான் எனக்கும். வாய்விட்டுப் படித்தேன். பெயர், அப்பா பெயர், ஊர், மூன்று தேதி. கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். "அடையாளம், இடது மோதிர விரல் நுனிக் கணு இல்லை" என்று படித்தபோது என் கண் போனில் இருந்தது. இடது கை. விரித்துப் பிடித்த கை. ஐந்து விரலும் நகத்தோடு முழுசாக இருந்தன.

ஐந்து நாளாக அந்தப் படம் என் போனில் இருந்தது. நான் புண்ணைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. நர்ஸ்கள் செய்கிற தப்பு அது, வேறு யாரும் செய்ய மாட்டார்கள். வெட்டியாகப் பார்க்கிறவன்கூட முதலில் விரலைத்தான் எண்ணியிருப்பான். பனியில் போன கையும் குழந்தை சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன.

"இவனுக்கு ஒரு தம்பி உண்டா?" என்று மட்டும் கேட்டார் டாக்டர்.

இருந்தான். சடையப்பன். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அப்போதே ஜோமோனைக் கூப்பிட்டோம். நான்காவது தடவைதான் லைன் கிடைத்தது. விரலை எண்ணச் சொன்னேன். "அஞ்சும் இருக்கு சிஸ்டரே," என்றார். போனை அப்படியே வைத்துவிட்டு அவனிடம் போனார். திரும்ப வந்து சொன்னார்: "நான் கேட்டேன். அவன் அழுறான். நான்தான் கோவிந்தன், மூணு ஊசியும் போட்டேன்னு தெய்வத்து மேல சத்தியம் பண்றான். இங்க டவுன் ஆஸ்பத்திரியில சீரம் கொஞ்சந்தான் இருக்கு. ஊசி போட்டவன்னு உங்க பதிலே அவங்க ஃபைல்ல இருக்கு. அதை மாத்தணும்னா, இவன் அந்த ஆள் இல்லைன்னு பேப்பர் வேணும், இவனும் ஒத்துக்கணும்."

அவனைச் சாகவிடாமல் இருக்க அவனே உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து சொல்ல மாட்டேன் என்கிறான். முதல் ஊசியைச் சனிக்கிழமையே போட்டிருந்தார்கள், ஏழில் ஐந்து நாள் போய்விட்டிருந்தது.

ஜீப் பிடித்துச் செம்மநத்தம் போனேன். டாக்டருக்கு மூட்டுவலி, அவரால் அந்த ரோட்டில் உட்கார முடியாது. வழியெல்லாம் பனி மூடிக்கிடந்தது. பகல் இரண்டு மணிக்கு டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். ஊருக்குள் இறங்கி, "கோவிந்தன் ஊடு எதுங்க?" என்று கேட்டேன். ராகி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நீட்டினாள், பேசவில்லை. நான் அந்தச் சந்தில் நடக்கும்போது பக்கத்து வீடுகளில் பேச்சு நின்றது. தாண்டியதும் தொடங்கவில்லை.

வாசலில் அவன் அம்மா இருந்தாள், கூடவே மல்லிகா. உள்ளே ஒரு சின்னக் கூடம், அதை ஒட்டிக் காபி மூட்டை அடுக்கும் அறை. அறைக் கதவு சாத்தியிருந்தது. கூடத்தில் சாப்பிட்டு முடித்த தட்டுகள் நான்கு இருந்தன. வீட்டில் இருந்தவர்கள் அம்மா, மல்லிகா, குழந்தை.

"கோவிந்தன் எங்கம்மா?"

"அல்ஜீரியாவுல இருக்கானுங்க சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"சடையப்பன்?"

"கேரளாவுக்குப் போயிருக்கானுங்க."

அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாய் கடித்தது, நாய் செத்தது, கடிபட்ட கையில் ஐந்து விரல் இருப்பது, இரண்டு நாள்தான் இருப்பது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் கல்லாகிவிட்டது. ஆனால் வாய் மட்டும், "அங்க இருக்கறது கோவிந்தந்தானுங்க. ஊசி போட்டவந்தானுங்க. அவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எந்தப் பிள்ளையை எந்தப் பெயரால் நினைப்பது என்று அவளுக்கே குழம்பிவிட்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்று கதவிடம் பேசினேன். அந்த நெசவாளியைப் பற்றிச் சொன்னேன். தாகமாக இருக்கிறது என்று கெஞ்சியதையும், டம்ளரைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டதையும் சொன்னேன். "அது ஏறிடுச்சுன்னா அதுக்கப்பறம் உலகத்துல எந்த ஆஸ்பத்திரியிலயும் மருந்து கிடையாது. உன் தம்பி அப்படித்தான் சாகணுமா?"

கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. பனியில் கேட்ட அதே மூச்சு. மல்லிகாவும் அம்மாவும் அந்தச் சத்தம் காதில் விழாதவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மாதமாகப் பழகியிருக்கிறார்கள். அவனுக்குத் தட்டு வைப்பார்கள், கூப்பிட மாட்டார்கள். அவன் ஊருக்குள் நடப்பான், யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு யாராவது வந்தால் ஒரு குழந்தைகூட உளறிவிடக் கூடாது என்று ஊரே பேசிவைத்துச் செய்திருக்கிறது.

கதவு திறந்தது. கோவிந்தன்தான். இளைத்து, தாடி வளர்ந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"நாய்னு சொன்னதும் எனக்கு ஒதறிப்போச்சுங்க சிஸ்டர்," என்றான். "சின்ன வயசுல எங்க பெரியப்பன் அப்படித்தான் செத்தாருங்க. விசா ஒட்டியாச்சு, டிக்கெட் போட்டாச்சு. தம்பிதான் நான் போறேன்னான். ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை, மாஸ்க் வேற. டாக்டர் சொன்னதெல்லாம் அவனுக்குச் சொல்லித்தானுங்க அனுப்பினேன். தண்ணி, தேளு, வெயிலு, எல்லாம்."

"நாய்?"

அவன் மல்லிகாவைப் பார்த்தான்.

"அது மட்டும் சொல்லலீங்க. சொன்னா அவனும் போகமாட்டானேன்னு சொல்லலீங்க."

மல்லிகா அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

அந்த வீட்டில் சிக்னல் இல்லை. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கேதான் கிடைக்கும். கோவிந்தன் முன்னால் ஏறினான், நான் மூச்சிரைக்கப் பின்னால். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் பகலில் ஊர் நடுவே நடந்தான். அப்போதும் வாசல்களில் நின்றவர்கள் என்னை மட்டும்தான் பார்த்தார்கள். ஜோமோன் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சடையப்பனிடம் கொடுத்தார்.

"சடையா."

கோவிந்தன் போனை வாயருகே கொண்டுபோனான்.

"சடையா, நாந்தான், அண்ணன். நாயோட ஊசி எனக்குப் போட்டாங்கடா. என்ற ஒடம்புலதான் இருக்குது. உன்ற ஒடம்புல இல்லை. சொல்லிரு சாமி. நான் இங்கயே எம்பேரைச் சொல்லிட்டேன். நீயும் உம்பேரைச் சொல்லிரு."

ஒரு சின்னக் குரல், "அண்ணா, இங்க யாரும் என்னைய எம்பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லீண்ணா," என்றது. பிறகு ஜோமோனிடம் திரும்பி, "நான் சடையப்பனுங்க" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. கோவிந்தன் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

கிளினிக்குக்கு அம்மாவும் எங்களோடு வந்தாள். பெரிய டாக்டர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். பேர் மாற்றிப் போனதை எழுத வேண்டாம், ஊசி கெட்டுப்போயிருந்தது என்று எழுதக் கூடாதா, அங்கே ஜெயிலில் போட்டுவிடுவார்களே என்று கேட்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் குனிந்து அவள் கையை எடுத்துவிட்டார்.

"ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வருவாம்மா," என்றார். "பொய் எழுதினா, அங்க இருக்கற டாக்டர் நாலு கேள்வி கேப்பாரு. பதில் தேடறதுக்குள்ள நாள் போயிரும்."

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெயில் போன பிறகு ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளி, ஒரு சிவப்புப் பேனாவும் கொடுத்தார். திட்டவில்லை. "உங்க தப்பை நீங்களே எழுதுங்க சிஸ்டர். அடுத்து வர்றவங்க படிக்கட்டும்," என்றார். புண்ணைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை, ஆளைச் சரிபார்க்காமல் உறுதி சொன்னேன் என்று எழுதினேன். ரேவதி, நீ பார்த்தது அதுதான்.

ஆனாலும் பாடு அன்றோடு முடியவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. ஆறு மணி நேரம் பயணம் செய்து போனால் மருந்து அறை பூட்டிக்கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வேறு ஊரில். ஜோமோன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சடையப்பனோடு படுத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை சீரம் போட்டார்கள். ஏழாவது நாள். தாமதமாகப் போட்டது எந்த அளவுக்கு வேலை செய்யும் என்று நான் டாக்டரைக் கேட்டேன். "நம்ம கையில இருந்த நாளுக்குள்ள போட்டுட்டோம்," என்றார்.

முழு ஊசி வரிசையும் முடிந்த பிறகு சடையப்பனைக் கொஞ்ச நாள் அங்கே வைத்திருந்து, தூதரகத் தாளோடு திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் தம்பி இருவர் மேலும் வழக்கு இன்றும் சேலத்தில் நடக்கிறது. தேதி தேதியாகப் போய் வருகிறார்கள். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அவர்கள் கவலை வேறு.

இந்த நோய் ஒரு மாதத்திலும் வரும், ஒரு வருடம் கழித்தும் வரும், அபூர்வமாக அதைத் தாண்டியும் வந்திருக்கிறது. நான் கதவிடம் சொன்ன நெசவாளியின் கதை அந்த அம்மாவின் காதில் விழுந்திருந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். சடையப்பன் வந்த நாளிலிருந்து அவள் காலையில் அவன் கையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து எதிரே நிற்பாள். அவன் குடிக்கும்போது அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். மல்லிகா அடுப்பை விட்டு வந்து நிற்பாள். கோவிந்தன் மட்டும் வெளியே போய்விடுவான். ஒரு நாள் விளையாட்டுக்குச் சடையப்பன் சொம்பைத் தள்ளி, "வேண்டாம்மா, பார்த்தாலே என்னமோ பண்ணுது" என்றானாம். அம்மா நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். நெற்றியில் நான் மூன்று தையல் போட்டேன். அதற்குப் பிறகு அவன் அப்படி விளையாடுவதில்லை.

நான்கு வருடம் ஆகிவிட்டது. இனி வராது என்று என் படிப்பு சொல்கிறது. பெரிய டாக்டரும் அதையே சொல்லிவிட்டுத்தான் போன வருடம் கண்ணை மூடினார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். மாதத்தில் ஒரு நாள் ஏற்காடு போனால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சடையப்பனைப் பார்ப்பதுண்டு. இப்போது ஜீப் ஓட்டுகிறான். என்னைக் கண்டதும் பெஞ்சில் இடம் விட்டு இரண்டு டீ சொல்வான். டீக்கு முன்னால் கடைக்காரர் இரண்டு டம்ளர் தண்ணீர் வைப்பார்.

நான் என் டம்ளரைத் தொட மாட்டேன். வேறெங்கோ பார்ப்பதுபோலத்தான் உட்கார்ந்திருப்பேன். அவனுக்குத் தெரியும். போன வாரமும் அப்படித்தான், டம்ளரை எடுத்து அண்ணாந்து முழுவதையும் குடித்தான், கவிழ்த்துக் காட்டினான், வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"முழுங்கிட்டேனுங்க சிஸ்டர். நீங்க குடிங்க," என்றான்.